டெல்லிக்கும் ஊருக்கும் நடுவே: கூட்டாட்சி குறித்து அம்பேத்கரின் வாழ்வு சொல்வது

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் ஒரு செய்தி தவறாமல் சுற்றுக்கு வருகிறது. அரசமைப்புச் சட்டத்தை வரைந்த அண்ணல் அம்பேத்கரே அதை எரிக்கத் தாம் முன்நிற்பதாக அறிவித்தார் என்பது அச்செய்தி. 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில் அவர் அவ்வாறு பேசியது உண்மை. ஆனால், அன்று அவையின் முன் இருந்த மசோதா எது என்பதை இச்செய்தியைப் பரப்புவோர் சொல்வதில்லை. சென்னை மாநிலத்திலிருந்து தெலுங்கு பேசும் மாவட்டங்களைப் பிரித்து ஆந்திர மாநிலத்தை அமைக்கும் மசோதா அது. புதிய மாநிலத்தின் ஆட்சி நிலவுடைமைச் சாதிகளின் கைக்குப் போனால், அங்கு வாழும் தீண்டப்படாத மக்களைக் காக்க ஆளுநருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதே அன்று அவர் எழுப்பிய கேள்வி.

ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இடையிலான அதிகாரப் போட்டி இன்று நாள்தோறும் செய்தியாகிறது. ஆளுநர்கள் மசோதாக்களைக் கிடப்பில் போடுகிறார்கள். நிதிப் பங்கீட்டில் மாநிலங்கள் வஞ்சிக்கப்படுவதாக முதலமைச்சர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். இந்தச் சண்டையில் இரு தரப்பாரும் அம்பேத்கரைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கின்றனர். வலிமையான ஒன்றியத்தைக் கேட்டவர் அவர் என்கிறது ஒரு தரப்பு. மாநில ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் பயன்படாமலே போக வேண்டும் என்று விரும்பியவர் அவர் என்கிறது மறுதரப்பு. இரண்டும் உண்மையே. எனினும், இரு தரப்பும் அவர் வாழ்வைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசுகின்றன. அவ்வாழ்வை முழுதாகப் படித்தால், எந்த அதிகாரத்தைக் கண்டாலும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டது தெரியவரும்: ஊரில் தனக்கென எவரும் இல்லாதவன் மீது இந்த அதிகாரம் பாயும்போது, அதைத் தடுத்து நிறுத்துபவர் யார்?

மாகாணங்களின் கணக்கேடு

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் இராணுவக் குடியிருப்பில், மகர் சாதியில் பிறந்தவர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால், ஆங்கிலேயப் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அக்காலத்தில் மகர்கள் ஊர்க் காவலுக்கும் ஏவலுக்கும் கட்டுப்பட்டவர்கள். அந்தக் கட்டிலிருந்து வெளியேற அவர்களுக்குக் கிடைத்த வழிகளில் ஒன்று படை. படை அரசுடையது; ஊருடையது அன்று. அரசின் கை ஊரைத் தாண்டி நீளும்போது ஒரு குடும்பம் நிமிர முடிகிறது என்பதை அந்தச் சிறுவன் பிறந்த வீட்டிலேயே கண்டிருந்தான்.

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவின் உதவித்தொகையில் 1913 ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கு தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பலரும் அறியாதது. பிரிட்டிஷ் இந்தியாவில் மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையில் நிதி எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே அப்பொருள். 1925 ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்தது. 1833 முதல் மாகாணங்களின் கருவூலம் முழுவதும் மைய அரசின் பிடிக்குள் சென்றது எப்படி, 1870க்குப் பின் அது சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டது எப்படி என்பதை ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு அந்நூல் விளக்குகிறது. மாகாணங்களுக்குத் தனி வரவுசெலவு இருப்பது போலத் தோன்றினாலும், சட்டப்படி அவை மைய அரசின் கிளைத் துறைகளாகவே இயங்கின என்பது அவர் கண்ட முடிவு. மக்களுக்குப் பொறுப்பேற்காத ஆட்சி, சமூகத்தின் கொடிய வழக்கங்களில் கைவைக்கவும் துணியாது என்று அவர் அதில் வாதிட்டார். மைய அதிகாரக் குவிப்பை எதிர்க்கும் இன்றைய மாநில உரிமையாளர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல் அது.

ஆயினும், ஏட்டில் இல்லாத பாடம் ஒன்றை 1917 ஆம் ஆண்டு பரோடா கற்பித்தது. உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி மன்னரின் இராணுவச் செயலர் பணியில் சேர அவர் அங்கு சென்றார். மன்னர் சீர்திருத்த மனம் கொண்டவர். அம்பேத்கர்மீது மதிப்பும் வைத்திருந்தவர். ஆனால், அந்த நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாள்களில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டவர், இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். அரண்மனையின் கருணை அடுத்த தெருவுக்குக்கூட எட்டவில்லை.

குளக்கரை வரை வராத தீர்மானம்

இதே பாடத்தை மகத் குளம் பத்தாண்டுகள் கழித்து ஊரறியச் சொன்னது. 1923 ஆகஸ்டில் பம்பாய் மாகாணச் சட்ட மேலவை, எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அரசுப் பணத்தில் அமைந்த, பராமரிக்கப்படும் நீர்நிலைகளும் பள்ளிகளும் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிடப்பட வேண்டும் என்றது அத்தீர்மானம். மகத் நகராட்சி 1924 ஆம் ஆண்டு சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. மாகாண மன்றம் ஒப்பியது. உள்ளாட்சி மன்றமும் ஒப்பியது. எனினும், மூன்று ஆண்டுகள் ஆகியும் தீண்டப்படாதார் ஒருவரும் அக்குளத்தில் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அந்நீரை அருந்தினார். சாதி இந்துக்கள் தடிகளோடு பாய்ந்து அடித்தனர். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினர். அக்குளம் தங்களுடைய தனிச்சொத்து என்பது அவர்களின் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 1937 மார்ச் மாதம்தான் தீண்டப்படாதார் பக்கம் வந்தது. ஒரு குவளை நீருக்கான வழக்கு பத்தாண்டுகளை விழுங்கியது.

அதிகாரப் பரவல் என்னும் சொல்லை அம்பேத்கர் ஏன் எளிதில் நம்பவில்லை என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்க இறங்க, அது மக்களை நெருங்குகிறது என்பது பொதுவான நம்பிக்கை. மகத்தில் அது சாதியை நெருங்கியது. நகராட்சி மன்றத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கும் குளக்கரையில் தடியோடு நின்றவர்களுக்கும் இடையில் உறவுமுறை இருந்தது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாக வைக்க வேண்டும் என்று காந்தியவாதிகள் கோரியபோது அவர் அத்தனைக் கடுமையாக மறுத்ததற்கு இந்தப் பட்டறிவே வேர்.

மன்னர்களோடு ஒரு கூட்டாட்சி

1930 முதல் 1932 வரை லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் இந்தியாவின் வருங்கால ஆட்சிமுறை பேசப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பாளர்களாக முதல் மாநாட்டுக்குச் சென்றவர்கள் இருவர்: அம்பேத்கரும், நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசனும். தன்னாட்சி வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால், அந்தத் தன்னாட்சியில் ஒடுக்கப்பட்டோருக்கும் பங்கு வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. தனித்தொகுதி உரிமையும், அதைத் தொடர்ந்து காந்தியாரின் உண்ணாநோன்பும், 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனா ஒப்பந்தமும் நாம் அறிந்த வரலாறு.

அதிகம் பேசப்படாதது, 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சித் திட்டத்தை அவர் எதிர்த்த கதை. அத்திட்டத்தில் மேலவையின் 260 இடங்களில் 104 இடங்களும், கீழவையின் 375 இடங்களில் 125 இடங்களும் சுதேச மன்னர்களின் நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுக்கு மக்கள் வாக்களிக்கப் போவதில்லை. மன்னர்களே ஆள்களை அனுப்புவார்கள். 1939 ஜனவரியில் புனேயில் காலே நினைவாக ஆற்றிய உரையில் அம்பேத்கர் இதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார். தேர்தல் நடக்கும் மாகாணங்களையும் முடியாட்சி நடக்கும் சமஸ்தானங்களையும் ஒரே வண்டியில் பூட்டினால், முடியாட்சியின் எடை மக்களாட்சியை அழுத்திவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒற்றுமை என்ற பெயருக்காக விடுதலையை விலையாகக் கொடுக்க அவர் அணியமாயில்லை. போதிய மன்னர்கள் இணையாததால் அந்தக் கூட்டாட்சி நடைமுறைக்கு வராமலே போனது.

அச்சட்டத்தின் இன்னொரு பிரிவு மட்டும் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 93 இன்படி, ஒரு மாகாணத்தில் ஆட்சி எந்திரம் சட்டப்படி இயங்க முடியாது என்று ஆளுநர் கருதினால், ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம். 1939 இறுதியில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியபோது சென்னை, பம்பாய் உள்ளிட்ட மாகாணங்களில் இப்பிரிவே ஆண்டது. அந்தப் பிரிவு பின்னர் வேறோர் எண்ணில் நம் அரசமைப்புச் சட்டத்துக்குள் குடியேறப் போகிறது. அதைக் கொண்டுவந்து வைத்த குழுவுக்கு அம்பேத்கரே தலைவர்.

வலிமையான ஒன்றியமும் அதன் கடிவாளமும்

1946 ஆம் ஆண்டு வங்கத்திலிருந்து, யோகேந்திரநாத் மண்டலின் துணையோடு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் அம்பேத்கர். டிசம்பர் 17 அன்று அவர் நிகழ்த்திய முதல் உரையிலேயே, 1935 ஆம் ஆண்டுச் சட்டம் தந்ததைக் காட்டிலும் வலிமையான மைய அரசு வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். அப்போது மேசைமீது இருந்த அமைச்சரவைத் தூதுக்குழுத் திட்டம், பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகியவற்றை மட்டுமே மைய அரசுக்கு விட்டிருந்தது.

ஆனால், 1947 மார்ச்சில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் அளித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தைச் சேர்த்துப் படித்தால்தான் இக்கோரிக்கையின் பொருள் விளங்கும். பெரும்பான்மை பெற்ற கட்சி தன் விருப்பப்படி அமைச்சரவையை அமைத்துக்கொள்ளும் முறையை அந்த ஆவணம் ஏற்கவில்லை. முதன்மை அமைச்சரை அவை முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அமைச்சரவையில் சிறுபான்மையினரின் சார்பாளர்களை அச்சிறுபான்மையினரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். இந்த ஏற்பாடு ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் ஒருசேரப் பொருந்துவது. எந்த மட்டத்திலும் நிலைத்த சாதிப் பெரும்பான்மை ஒன்று கட்டற்று ஆளக் கூடாது என்பதே அவர் கருத்து. இந்தப் பகுதியை அரசியல் நிர்ணய சபை ஏற்கவில்லை. வலிமையான ஒன்றியம் கிடைத்தது; அதற்கு அவர் கேட்ட கடிவாளங்களில் முதன்மையானது கிடைக்கவில்லை.

நாட்டுப் பிரிவினையால் வங்கத்து இடத்தை இழந்த அவர், பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வாகி, 1947 ஆகஸ்டில் சட்ட அமைச்சராகவும் வரைவுக் குழுவின் தலைவராகவும் ஆனார். 97 பொருள்கள் ஒன்றியத்துக்கு, 66 மாநிலங்களுக்கு, 47 இருவருக்கும் பொதுவாக என்று அதிகாரங்கள் பிரிக்கப்பட்டன. எஞ்சியவை ஒன்றியத்துக்குச் சென்றன. அதே நேரத்தில், மாநிலங்கள் தம் அதிகாரத்தை ஒன்றியத்திடமிருந்து இரவலாகப் பெறவில்லை, இரண்டுமே அரசமைப்புச் சட்டத்திலிருந்தே அதிகாரம் பெறுகின்றன என்பதை 1949 நவம்பர் 25 ஆம் நாள் இறுதி உரையில் அவர் அழுத்தமாக நிலைநாட்டினார்.

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் வைத்த பாதுகாப்பு இந்தப் பங்கீட்டுக்குள் நுணுக்கமாக அமைந்திருக்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. அக்குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை யார் இயற்றலாம் என்பதைப் பிரிவு 35 சொல்கிறது: நாடாளுமன்றம் மட்டுமே; மாநிலச் சட்டமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. பட்டியல் சாதியினர் யார் என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார். அதன்பின் அப்பட்டியலில் ஒரு சாதியைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்கிறது பிரிவு 341. ஊரின் பிடியில் இருக்கும் சட்டமன்றங்கள் இவற்றில் கைவைக்க முடியாதபடி தடுப்பு வைக்கப்பட்டது. ஆனால், காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் டெல்லியில் பிறக்கிறது. முதல் தகவல் அறிக்கையை எழுத வேண்டிய பேனா ஊர்க் காவல் நிலையத்தில் இருக்கிறது. வன்கொடுமை வழக்குகளை நடத்தும் எந்த வழக்கறிஞருக்கும் இந்த இடைவெளி தெரியும்.

அடுத்து ஆளுநர். மாநில மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1947 ஆம் ஆண்டு முடிவாகியிருந்தது. 1949 மே இறுதியில் அது மாற்றப்பட்டு, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றானது. இது மாநிலங்களை டெல்லிக்கு அடிமையாக்காதா என்ற அச்சத்துக்கு, ஆளுநர் தாமாகச் செய்யக்கூடிய பணி எதுவும் இல்லை, அவருக்குச் சில கடமைகள் மட்டுமே உண்டு என்று அம்பேத்கர் மறுமொழி அளித்தார்.

பழைய பிரிவு 93 இன் வாரிசான பிரிவு 356, 1949 ஆகஸ்ட் தொடக்கத்தில் விவாதத்துக்கு வந்தது. எச்.வி. காமத் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். இந்த அதிகாரம் அரசியல் நோக்கத்துக்குத் தவறாகப் பயன்படக்கூடும் என்பதை அம்பேத்கர் மறுக்கவில்லை. இது ஏட்டில் மட்டும் இருந்து பயன்படாமல் போகும் என்று நம்பினார். முதலில் எச்சரிக்கை, பிறகு தேர்தல், இரண்டும் பயனளிக்காதபோதே இப்பிரிவு என்ற வரிசையை அவர் எதிர்பார்த்தார். அந்த வரிசை சட்டத்தின் சொற்களில் எழுதப்படவில்லை. ஆட்சியாளரின் பண்பிடம் விடப்பட்டது. ஆளுவோரின் நல்லெண்ணத்தை நம்பிப் பழகாத அம்மனிதர், இந்த ஓரிடத்தில் நம்பினார்.

பெப்சுவில் நடந்தது

அந்த நம்பிக்கை முறிய நெடுங்காலம் ஆகவில்லை. 1951 ஜூன் மாதம், காங்கிரசின் உட்கட்சிப் பூசலை ஒட்டிப் பஞ்சாபில் பிரிவு 356 முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அம்பேத்கர் அப்போதும் அமைச்சரவையில் இருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை ஒட்டிப் பதவி விலகினார். பட்டியல் சாதியினர்மீது ஆட்சி காட்டிய அக்கறையின்மையும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 1952 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்று, மாநிலங்களவைக்கு வந்தார்.

1953 மார்ச்சில், பாட்டியாலாவையும் கிழக்குப் பஞ்சாபின் சமஸ்தானங்களையும் இணைத்து உருவான பெப்சு மாநிலத்தில் கியான் சிங் ராரேவாலாவின் ஆட்சி கலைக்கப்பட்டது. காங்கிரசு அல்லாத கூட்டணி ஆட்சி அது. தாம் வடித்த சட்டம் இப்படிப் பயன்படுவதைக் கண்ட அம்பேத்கர், மாநிலங்களவையில் மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தார். நாடு முழுவதும் தன் கட்சியையே ஆட்சியில் வைத்திருக்க அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை ஆளுங்கட்சி வளைக்கிறது என்று மக்கள் ஐயுற்றால், அந்த ஐயம் நேர்மையானதே என்பது அவர் வாதம். வலிமையான ஒன்றியத்தைக் கேட்டவரே அந்த வலிமை கட்சியின் கருவியாவதை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர்.

ஆந்திர மசோதா

இந்தப் பின்னணியோடு 1953 செப்டம்பர் 2 க்கு வருவோம். ஆறு மாதங்களுக்கு முன் டெல்லியின் தலையீட்டைக் கண்டித்தவர், இப்போது டெல்லி நியமிக்கும் ஆளுநருக்குச் சிறப்பு அதிகாரம் கேட்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆளுநருக்குத் தனிப்பணி இல்லை என்று வாதிட்டவரும் அவரே. அவையில் இருந்தோர் இந்த முரணைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்தனர். சட்டத்தை எழுதியவரே நீங்கள்தானே என்றனர். அந்தக் கேலிக்கு விடையாகத்தான், தாம் விரும்பாத பலவற்றையும் பிறர் சொல்ல எழுத நேர்ந்தது என்பதையும், அச்சட்டம் எவருக்கும் பொருந்தவில்லை என்றால் அதை எரிக்கவும் தாம் அணியம் என்பதையும் சொன்னார்.

மொழிவழி மாநிலத்தை அவர் எதிர்க்கவில்லை. 1955 இறுதியில் வெளியிட்ட ‘மொழிவழி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்’ என்ற சிறு நூலில், ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை ஏற்றார். ஒரு மொழி பேசுவோர் அனைவரும் ஒரே மாநிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை மறுத்தார். வடக்கே மிகப்பெரிய மாநிலங்களும் தெற்கே சிறு மாநிலங்களுமாக நாடு அமைந்தால், வடக்கின் எண்ணிக்கை தெற்கை ஆளும் என்று எச்சரித்தார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இரண்டிரண்டாகவும், தம் சொந்த மராட்டிய நிலத்தை நான்காகவும் பிரிக்கச் சொன்னார். ஐதராபாத்தை இரண்டாம் தலைநகராக்கக் கேட்டார். தொகுதி மறுவரையறை பேசப்படும் இந்நாளில் தென்னாட்டார் அனைவரும் திரும்பப் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

அதே நூலில் சாதிக் கணக்கும் இருக்கிறது. ஆந்திரத்தில் ரெட்டி, கம்மா, காப்பு ஆகிய பெருஞ்சாதிகளிடமே நிலமும் பதவியும் வணிகமும் இருக்கின்றன. தீண்டப்படாதோர் அவர்களைச் சார்ந்தே பிழைக்கின்றனர் என்று எழுதினார். மராட்டியத்துக்கும் பஞ்சாபுக்கும் இதேபோலப் பெயர் குறித்துச் சொன்னார். மாநிலம் சிறிதானால், சிறுபான்மையின்மீது ஏறி நிற்கும் பெரும்பான்மையின் எடையும் குறையும் என்பது மாநிலங்களைப் பிரிக்கச் சொன்னதற்கு அவர் தந்த காரணங்களுள் ஒன்று.

ஆளுநர் பற்றிய கோரிக்கையில் அவர் சரியான விடையைக் கண்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. பெப்சுவில் தவறாகப் பாய்ந்த அதே டெல்லியின் கையிடம்தான் ஆந்திரத்துத் தலித்துகளின் காப்பையும் அவர் ஒப்படைக்கக் கேட்டார். அவர் கேள்வி சரியானது. அவருக்குக் கிடைத்த கருவிகள் பழுதானவை. இதை ஒப்புக்கொள்வது அவருக்கு இழுக்கு அன்று.

அவருக்குப் பின்

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார். 1950 ஆகஸ்டில் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கும் சில சீக்கியச் சாதிகளுக்கும் மட்டும் என்று வரையறுத்திருந்தது. அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்த ஆணை அது. அவரைப் பின்பற்றிப் பௌத்தர்களான மக்களுக்கு அத்தகுதி சட்டப்படி கிடைத்தது 1990 ஆம் ஆண்டில்தான். ஒன்றிய ஆட்சியின் ஓர் ஆணையில் இருந்த ஒரு பத்தி, முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் மக்களை வெளியே நிறுத்தியது. தலித் கிறித்தவர்களும் தலித் இசுலாமியர்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். வலிமையான டெல்லி தலித்துகளின் இயல்பான நண்பன் என்று நம்புவோர் இதை மறக்கக் கூடாது.

பிரிவு 356 ஏட்டோடு நிற்கவில்லை. 1959 ஜூலையில் கேரளத்தின் ஈ.எம்.எஸ். ஆட்சி, 1976 ஜனவரியிலும் 1991 ஜனவரியிலும் தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி என்று நூறு முறைக்கு மேல் அது பாய்ந்தது. அம்பேத்கர் எதிர்பார்த்த வரிசைக்கு உயிர் கொடுக்க 1994 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது.

மாநிலங்களின் பக்கக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. மாநிலத் தன்னாட்சியை உரக்கப் பேசிய கட்சி தமிழ்நாட்டில் 1967 மார்ச்சில் ஆட்சிக்கு வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மாநில உரிமையை ஆராய 1969 ஆம் ஆண்டு இராஜமன்னார் குழுவை அமைத்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அந்தப் பெருமையும் அந்தச் சாம்பலும் ஒரே ஆட்சிக் காலத்துக்கு உரியவை.

நம் கையில் இருப்பது

ஆளுநர் மசோதாவை முடக்கும்போது நாம் மாநிலத்தின் பக்கம் நிற்க வேண்டும். அம்பேத்கர் 1949 ஆம் ஆண்டு ஆளுநருக்கு வரைந்த எல்லையும், பெப்சுவுக்காக அவர் எழுப்பிய குரலும் அதற்குப் போதுமான சான்று. அதே மூச்சில், மாநில அரசிடம் நாம் கணக்குக் கேட்கவும் வேண்டும். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதை நடத்துவது மாநிலம். 1995 ஆம் ஆண்டு விதிகளின் 16 ஆம் விதிப்படி, முதலமைச்சரின் தலைமையில் மாநில விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரு முறையேனும், ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். 17 ஆம் விதிப்படி, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மாவட்டக் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை வழக்குகளை ஆராய்ந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவில் கேட்டுவிடலாம். கல்லூரி மாணவர் எவரும் அம்மனுவை எழுத முடியும்.

மாகாணங்களின் கணக்கேட்டைப் புரட்டித் தொடங்கிய வாழ்வு, புதிய மாநிலத்துச் சேரியின் காப்பைக் கேட்டு முடிந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அவர் டெல்லியில் பதவியிலும் இருந்தார், டெல்லியை எதிர்த்தும் பேசினார். ஆனால், சவுதார் குளத்தின் படிக்கட்டிலிருந்து பார்க்கும் பார்வையை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றியமும் மாநிலமும் அதிகாரத்துக்காக மோதும் ஒவ்வொரு முறையும் நாம் நின்று பார்க்க வேண்டிய இடமும் அந்தப் படிக்கட்டே.